முற்பாதியின் கடைசி நிமிடங்கள்: நடுவர் கோவிந்தசாமி சுப்பையாவின் கதை

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர் விடுதிகளுக்கிடையே நடந்த காற்பந்துப் போட்டி ஒன்றில் நடுவராக நிற்க நேர்ந்தது. வரவேண்டிய நடுவர் வரவில்லை. விதிகள் ஓரளவு தெரிந்தவன் என்று சொல்லி நண்பர்கள் ஊதலை என் கையில் திணித்துவிட்டார்கள்.

பாதிக்கு 25 நிமிடம் என்பது ஏற்பாடு. முற்பாதியில் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போக இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அடியோடு மறந்துவிட்டேன். கைக்கடிகாரம் 25 நிமிடத்தைக் காட்டியதும் ஊதிவிட்டேன். அந்த நேரத்தில் பந்து நீலச் சட்டைக் குழுவினரின் காலில் இருந்தது. கோல் கம்பம் பதினைந்து மீட்டர் தொலைவில்தான். அவர்கள் அப்படியே நின்று என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

இடைவேளையில் தவறு புரிந்தது. பிற்பாதியில் அந்த இரண்டு நிமிடங்களையும் சேர்த்து ஆடவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அப்படியே செய்தேன். நான் சேர்த்துக் கொடுத்த அந்த இரண்டு நிமிடங்களில்தான் எதிரணி கோல் போட்டது. நீலச் சட்டைக் குழு 0-1 என்று தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறியது. யாருக்குக் கடன் பட்டேனோ அவர்களிடமே மறுபடியும் பறித்துவிட்டேன்.

அந்த வார இறுதியில் ஜாலான் புசாரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா தம் இளமையில் வார இறுதி ஆட்டக்காரர். ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் நடந்த ஆட்டங்களைத் தவறவிடாத தலைமுறையைச் சேர்ந்தவர். என் கதையை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். சுப்பையா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேனா என்பதுதான் அது. இல்லை என்றேன். அவர் முகத்தில் தெரிந்த வருத்தம், நீலச் சட்டைக்காரர்களின் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த வருத்தத்துக்கான என் பதில் எனலாம்.

கோவிந்தசாமி சுப்பையா 1929ஆம் ஆண்டில் பிறந்தவர். காற்பந்து உலகம் அவரை ஜார்ஜ் சுப்பையா என்று அழைத்தது. அதே 1929ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஜாலான் புசார் விளையாட்டரங்கமும் திறக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலிருந்து சையது ஆல்வி சாலை வழியாக நடந்தால் சில நிமிடங்களில் அந்த அரங்கத்தை அடைந்துவிடலாம். சிங்கப்பூர்க் காற்பந்தின் தாய்வீடு என்று அதைச் சொல்வது மிகையாகாது. 1973ஆம் ஆண்டில் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்படும் வரை, பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே களமாக இருந்தது. நடுவரும் அரங்கமும் ஒரே வயதுக்காரர்கள்.

நேரத்தைக் காப்பதையே பணியாகக் கொள்ளவிருந்த அந்த மனிதரின் வாழ்நாளில், சிங்கப்பூரின் கடிகாரமே நிலையாக இருந்ததில்லை என்பது வியப்பான செய்தி. அவர் பிறந்தபோது நம் தீவு கிரீனிச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தது. 1933இல் அது 7 மணி 20 நிமிடமானது. 1941இல் 7 மணி 30 நிமிடமானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், ஊரே தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. கடிகாரங்கள் ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. சுப்பையாவுக்கு அப்போது 12 வயது. அவர் வயதுச் சிறுவர்கள் இருட்டில் எழுந்து, புதிய பெயர் சூட்டப்பட்ட ஒரு நகரத்தில், வேறொரு நாட்டின் நேரத்தில் வாழ்ந்தார்கள். அதே பிப்ரவரி மாதம் 17ஆம் தேதி, சரணடைந்த பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய வீரர்கள் பல்லாயிரக்கணக்கில் ஃபேரர் பார்க் திடலில் நிறுத்தப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சிறுவர்கள் பந்து விளையாடும் திடல் அது. ஜாலான் புசார் அரங்கமோ சீனர்களைப் பிரித்தெடுக்கும் விசாரணை இடமாக மாறியது. 1945இல் போர் முடிந்ததும் கடிகாரம் மறுபடியும் 7 மணி 30 நிமிடத்துக்குத் திரும்பியது. கடைசியாக 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணியை நள்ளிரவு 12 என்று அறிவித்து, இன்றைய 8 மணி நேர வேறுபாட்டுக்கு வந்து சேர்ந்தோம். நேரம் என்பது இயற்கை தருவதன்று, யாரோ ஒருவர் பொறுப்பேற்று அறிவிப்பது என்பதை அந்தத் தலைமுறை அனுபவத்திலேயே கண்டிருந்தது.

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் காற்பந்து ஒரு பெரும் ஆறுதல். மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேஷியர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. நம்மவர்களுக்குப் பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கத்தின் திடல் இருந்தது. மலாயாக் கிண்ணம் 1921ஆம் ஆண்டு முதலே நடந்துவந்தது. முதல் கிண்ணத்தை வென்றதும் சிங்கப்பூர்தான். அத்தகைய ஊரில் பந்தை உதைக்க ஆசைப்படாத இளைஞன் யார்? ஆனால் ஊதலை எடுக்க ஆசைப்படுபவர் எத்தனை பேர்? கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டாடும் கூட்டம், நடுவரை நினைப்பது ஏசுவதற்கு மட்டுமே. இன அடிப்படையில் குழுக்கள் மோதிக்கொண்ட காலத்தில், ஒரு தமிழர் நடுவராக நின்று எல்லாரிடமும் நம்பிக்கை பெறுவது எளிதான காரியமன்று. சுப்பையா அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார். உள்ளூர் ஆட்டங்களிலிருந்து அனைத்துலக நடுவர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

இந்த இடத்தில், நடுவரின் கடிகாரத்தைப் பற்றிச் சற்று விளக்கவேண்டும். கூடைப்பந்தில் பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். அமெரிக்கக் காற்பந்தில் பயிற்றுநரே ஓய்வு கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தலாம். பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கையும் உண்டு. நம் காற்பந்தில் இவை எதுவும் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீணான நேரம் எவ்வளவு என்பதை நடுவர் ஒருவரே கணக்கிட்டு, ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேர்க்கவேண்டும். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1891இல் ஸ்டோக் குழுவும் ஆஸ்டன் வில்லா குழுவும் மோதிய ஆட்டத்தில் வில்லா 1-0 என்று முன்னணியில் இருந்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஸ்டோக்குக்குப் பெனால்டி கிடைத்தது. வில்லாவின் கோல்காவலர் பந்தை எடுத்து அரங்கத்துக்கு வெளியே உதைத்துவிட்டார். பந்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இழந்த நேரத்தைச் சேர்க்கவேண்டும், பெனால்டி அடிப்பதற்காகப் பாதியை நீட்டிக்கவேண்டும் என்ற விதிகள் இத்தகைய தந்திரங்களின் பிள்ளைகள்.

தந்திரங்கள் அதோடு நின்றுவிடவில்லை. முற்பாதி முடியும் தறுவாயில் ஒரு குழுவின் நடையைக் கவனித்தால் அதன் மனநிலை தெரிந்துவிடும். முன்னணியில் இருப்பவர்கள் எறிபந்துக்கு மெல்ல நடப்பார்கள். மூலைக் கொடியருகே பந்தைப் பூட்டி வைப்பார்கள். காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டுவார்கள். கோல்காவலர் பந்தைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொள்வார். பின்தங்கியவர்களோ இடைவேளைக்குள் ஒரு கோலையாவது திருப்பிவிடத் துடிப்பார்கள். காரணம், இடைவேளைக்குச் சற்றுமுன் விழும் கோல், கொடுத்தவருக்குப் பதில் சொல்ல நேரம் தருவதில்லை. அந்தச் சுமையோடுதான் உடைமாற்றும் அறைக்குப் போகவேண்டும். நம் ஊரின் புழுக்கத்தில் 40 நிமிடம் ஓடிய கால்களும் மூளையும் தளர்ந்திருக்கும் நேரம் அது. நடுவரும் அதே புழுக்கத்தில்தான் ஓடியிருக்கிறார். அவர் கால்களும் தளர்ந்திருக்கும். ஆனால் அவர் கணக்கு தவறக்கூடாது. இன்று கூடுதல் நிமிடங்களைப் பலகையில் உயர்த்திக் காட்டுகிறார்கள். உலகக் கிண்ணத்தில் அவ்வழக்கம் 1998இல் வந்தது. சுப்பையாவின் காலத்தில் பலகை இல்லை. எத்தனை நிமிடம் மீதி என்பது அரங்கத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும்.

1974ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. 16 நாடுகள், 38 ஆட்டங்கள். அவற்றுள் ஓர் ஆட்டத்துக்கு நடுவராக நம் சுப்பையா நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு 45 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. சிங்கப்பூர் தனி நாடாகி ஒன்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த நாட்டின் பெயர், உலகக் கிண்ண ஆட்டம் ஒன்றின் அதிகாரப்பூர்வப் பட்டியலில், ஒரு தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. உலகக் கிண்ணத்தில் நடுவராக நின்ற முதல் ஆசியர் என்று சிலர் அவரைப் புகழ்வதுண்டு. அப்போது ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் இருந்த இஸ்ரேலின் ஆப்ரகாம் கிளைன் 1970இலேயே நடுவராக இருந்திருக்கிறார் என்பதால், அந்தப் பட்டத்தைச் சற்றுக் கவனமாகவே வழங்கவேண்டும். ஆனால் முதல் சிங்கப்பூரர் என்பதில் ஐயமே இல்லை. அந்தப் புகழே போதுமானது. கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அவருக்குக் கிடைத்த ஆட்டம் போலந்துக்கும் ஹெய்ட்டிக்கும் இடையிலானது. நாள் ஜூன் 19. இடம் மியூனிக் ஒலிம்பிக் அரங்கம். ஹெய்ட்டி அந்த ஆட்டத்துக்கு வந்த நிலையை அறிந்துகொள்ளவேண்டும். நான்கு நாள்களுக்கு முன்புதான் அது இத்தாலியைச் சந்தித்திருந்தது. முற்பாதி முழுவதும் கோல் விடாமல் தாக்குப்பிடித்த ஹெய்ட்டி, பிற்பாதி தொடங்கியதும் இம்மானுவேல் சனோன் மூலம் முதல் கோலையும் போட்டது. இத்தாலியக் கோல்காவலர் டினோ ஸோஃப் அனைத்துலக ஆட்டங்களில் தொடர்ந்து 1,142 நிமிடங்கள் கோல் விடாமல் வைத்திருந்த சாதனை அந்த நொடியில் முடிந்தது. இறுதியில் ஹெய்ட்டி 1-3 என்று தோற்றது. அதன்பின் அதன் ஆட்டக்காரர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நீக்கப்பட்டார். மனம் உடைந்த குழுவாகத்தான் அது போலந்துக்கு எதிரே வந்து நின்றது.

போலந்தோ உச்ச நிலையில் இருந்தது. 17ஆவது நிமிடத்தில் லாத்தோ முதல் கோலைப் போட்டார். அடுத்த நிமிடமே டெய்னா. 30ஆவது நிமிடத்தில் ஷார்மாஹ், 31இல் கோர்கோன், 34இல் மீண்டும் ஷார்மாஹ். முற்பாதி முடிய 11 நிமிடம் இருக்கையில் கணக்கு 5-0.

அந்தப் 11 நிமிடங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஆட்டத்தின் முடிவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தோற்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், சீக்கிரம் ஊதி அவர்களை அறைக்கு அனுப்பிவிடலாம் என்று என் இரக்கமே எனக்குக் கெட்ட ஆலோசனை சொல்லியிருக்கும். சில வினாடிகள் குறைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்க ஆள் இருந்தது. ஆனால் அந்த அரங்கத்தில் இல்லை. அந்தப் பிரிவில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் இருந்தன. பிரிவு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டும் 3 புள்ளிகளோடு சமமாக நின்றன. அர்ஜென்டினா 7 கோல் போட்டு 5 விட்டிருந்தது. இத்தாலி 5 போட்டு 4 விட்டிருந்தது. ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் இத்தாலி வீட்டுக்குப் போனது. இரண்டுக்கும் ஹெய்ட்டியோடு ஆட்டம் இருந்தது. இத்தாலி அதை 3-1 என்றும் அர்ஜென்டினா 4-1 என்றும் வென்றன. ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று நாம் அலட்சியமாக நினைக்கும் ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் வேறு யாருடைய விதியையோ எழுதிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இடைவேளையில் 5-0 என்ற கணக்கு மாறவில்லை. பிற்பாதியில் ஷார்மாஹ் தம் மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி கோலை லாத்தோ 87ஆவது நிமிடத்தில் போட்டார். 6-0 என்றான பிறகும் சுப்பையாவின் ஊதல் அவசரப்படவில்லை என்பதை அந்த 87 என்ற எண்ணே சொல்கிறது. 7-0 என்று ஆட்டம் முடிந்தது. ஏழு கோல்கள் விழுந்த ஆட்டத்தில் நடுவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒரு நடுவருக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு இல்லை என்பார் பெரியப்பா.

அதே உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டமும் நேரத்தைப் பற்றி நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. மூலைக் கொடிகள் நடப்படவில்லை என்பதைக் கண்ட நடுவர் ஜேக் டெய்லர் ஆட்டத்தின் தொடக்கத்தையே தாமதப்படுத்தினார். பிறகு நெதர்லாந்து பெனால்டியில் முந்தியது. மேற்கு ஜெர்மனியும் பெனால்டியில் சமன் செய்தது. 43ஆவது நிமிடத்தில் கெர்ட் முல்லர் போட்ட கோலே வெற்றி கோலானது. பிற்பாதி முழுவதும் முயன்றும் நெதர்லாந்தால் அதைத் திருப்ப முடியவில்லை. உலகக் கிண்ணமே முற்பாதியின் கடைசி நிமிடங்களில் கைமாறியது.

நேரத்தைக் கறாராகக் காத்த நடுவர்களும் பழியிலிருந்து தப்பியதில்லை. 1978இல் பிரேசிலும் சுவீடனும் 1-1 என்று இருந்தபோது, கார்னரிலிருந்து வந்த பந்தை ஸிக்கோ தலையால் முட்டிக் கோலாக்கினார். பந்து காற்றில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது என்று நடுவர் கிளைவ் தாமஸ் கோலை மறுத்துவிட்டார். இன்றுவரை அந்த விவாதம் ஓயவில்லை. 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கிண்ணத்தில், மாலியும் துனிசியாவும் மோதிய ஆட்டத்தில் நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்திலேயே ஒருமுறை ஊதிவிட்டார். மறுபடி தொடங்கிய ஆட்டத்தையும் 90 நிமிடம் நிறையுமுன் முடித்துவிட்டார். கடும் வெயிலால் அவர் நிலைகுலைந்திருந்தது பிறகு தெரியவந்தது. அதே ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கிண்ணத்தில், வீணான நேரத்தை ஒழுங்காகக் கணக்கிட்டதில் கூடுதல் நிமிடங்கள் பத்தையும் தாண்டின. 2025இல் கோல்காவலர் 8 வினாடிக்கு மேல் பந்தைப் பிடித்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற விதியும் வந்துவிட்டது. 1891இல் தொடங்கிய திருட்டும் காவலும் இன்னும் முடியவில்லை.

சுப்பையாவுக்குப் பிறகு இன்னொரு சிங்கப்பூரர் உலகக் கிண்ண நடுவராக நிற்க 32 ஆண்டுகள் ஆயின. 2006இல் ஷம்சுல் மைடின் அந்தப் பெருமையைப் பெற்றார். அந்தப் போட்டியும் ஜெர்மனியில்தான் நடந்தது. அவர் நடத்திய ஆட்டங்களுள் ஒன்றில் ஆடியதும் போலந்துதான். நம் நாட்டுக் குழு இதுவரை உலகக் கிண்ணத்தில் கால்வைத்ததில்லை. நம் நடுவர்கள் வைத்துவிட்டார்கள்.

சுப்பையா 2012ஆம் ஆண்டில் காலமானார். அவர் பிறந்த ஆண்டில் எழுந்த ஜாலான் புசார் அரங்கம், 1999இல் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே ஆட்டங்கள் நடக்கின்றன. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போகும் நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நான் கேட்டுப் பார்த்த பன்னிருவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெரியப்பா கேட்ட நாள்வரை எனக்கும் தெரியாது.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் ஆட்ட விதிகளைப் புரட்டினேன். நேரத்தைப் பற்றிய 7ஆவது விதியில் ஒரு வரி இருக்கிறது. முற்பாதியில் நேரக் கணக்கைத் தவறவிட்ட நடுவர், பிற்பாதியின் நீளத்தை மாற்றி அதை ஈடுகட்டக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் கூடாது என்பதும் மெல்ல விளங்கியது. முற்பாதியின் கடைசி இரண்டு நிமிடமும் பிற்பாதியின் கடைசி இரண்டு நிமிடமும் ஒன்றல்ல. ஆட்டக்காரர்களின் மூச்சு வேறு, நிற்கும் இடம் வேறு, கணக்கு வேறு. ஒருவரிடமிருந்து எடுத்த நேரத்தைப் பிறிதொரு நேரத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. தேர்வுக்கும் வேலைக்கும் இடையே, பெற்றோருக்குத் தரவேண்டிய நேரத்தைப் பிறகு சேர்த்துத் தந்துவிடலாம் என்று தள்ளிப்போடும் நமக்கும் அந்த வரி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மறுவாரம் நீலச் சட்டைக் குழுவின் தலைவரைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லி, இரண்டு தவறும் என்னுடையதே என்று ஒப்புக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் தவறைத் தாம் அன்றே மன்னித்துவிட்டதாகவும், இரண்டாவது தவறு நடந்ததே தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். முடிவு மாறவில்லை, மாறவும் கூடாது. அதன்பின் நான் முறையாக நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இப்போது களத்தில் இறங்கும்போது இரண்டு கைக்கடிகாரங்கள் கட்டிக்கொள்கிறேன். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மற்றொன்றை ஆட்டம் நிற்கும்போதெல்லாம் நிறுத்துகிறேன். முற்பாதியின் 34ஆவது நிமிடத்தில் ஒருமுறை இரண்டையும் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அங்கிருந்து இன்னும் 11 நிமிடம் இருக்கிறது.